கண்ணாடிக்கடைக்காரரின் குட்டை விளக்கு

ஆளுக்கொரு கிறுக்கு உண்டு. தபால்தலை சேர்ப்பவர்களை ஊர் மன்னித்துவிடுகிறது. புறா வளர்ப்பவர்களைப் பொறுத்துக்கொள்கிறது. கண்ணாடிக்கடைக்காரரை மட்டும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி விற்கிற மனிதருக்குக் குட்டையான தெருவிளக்குகள் என்றால் உயிர். பக்கத்து விளக்குகளெல்லாம் நெடுநெடுவென்று நிற்க, நடுவில் ஒன்று மட்டும் வளர மறந்து நிற்குமே, அது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வண்டியை நட்டநடு ரோட்டில் நிறுத்திவிடுவார். பின்னால் வருகிறவன் திட்டுவது காதில் விழாது.

இனம் இனத்தோடு சேரும் என்பார்கள். அவருக்கும் இரண்டு பேர் சேர்ந்தார்கள்: ஒரு தபால்காரர், ஒரு பல் டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மூவரும் டேப்பும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். விளக்கடியில் குனிந்து அளப்பவர்களைப் பார்த்து ஜனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்? "சார், எங்க வீட்டு முன்னாடி சாக்கடை அடைச்சு ரொம்ப நாளாச்சு" என்று வந்து நிற்பார்கள். டாக்டரம்மா சளைக்காமல், "பார்க்கறோம், பார்க்கறோம்" என்பார்.

இந்த மூவர் சங்கத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்ததால் குட்டையாகத் தெரியும் விளக்கு கணக்கில் வராது. அது குட்டை இல்லை, புதைந்தது. ஒருமுறை தபால்காரர் ஆஹா ஓஹோவென்று கூட்டிப்போன விளக்கின் அடியை, பல்லைச் சுரண்டும் கருவியால் டாக்டரம்மா சுரண்டிப் பார்த்தார். கம்பம் உள்ளே இறங்கிக்கொண்டே போனது. தபால்காரர் கொஞ்ச நாளைக்குத் தலைகாட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று: விளக்கு இலாகாவின் காதில் ஒரு வார்த்தை விழக்கூடாது. விழுந்தால் அவர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். குட்டையைப் பிடுங்கிவிட்டு நெட்டையை நட்டுவிடுவார்கள்.

சங்கத்தின் கண்மணி, கண்ணாடிக்கடைக்காரரின் தெருமுனையிலேயே இருந்தது. ஆள் உயரம்கூட இல்லை. ஏன் அப்படி நட்டார்களோ, யாருக்கு அன்று கம்பம் பற்றவில்லையோ, கடவுளுக்கே வெளிச்சம். காய் வாங்கி வருகிறவர்கள் பையை அதில் மாட்டிவிட்டு வம்பளப்பார்கள். சங்கத்தார் அதை அது இது என்று சொல்வதில்லை. "சின்னவர்" என்பார்கள், மரியாதையாக. "சின்னவருக்கு நேத்துலேருந்து கண்ணு துடிக்குது" என்று போனில் பேசுவதைக் கேட்டுவிட்டு, இந்த மனிதருக்கு வேறெங்கோ ஒரு குடும்பம் இருக்கிறதோ என்று அவர் மனைவி வேவு பார்த்ததும் உண்டு. உண்மை தெரிந்தபோது, "இதுக்கு அதுவே தேவலை" என்றாள்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் மகள் ஒருநாள் சாப்பிடும்போது பேச்சை எடுத்தாள். ஒருவனைப் பிடித்திருக்கிறதாம். நல்லவனாம். எஞ்சினியராம்.

"எங்கேம்மா வேலை?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "தெருவிளக்கு இலாகாலப்பா."

கண்ணாடிக்கடைக்காரருக்குப் புரையேறிவிட்டது. மனைவி தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள்.

"ஆடு வளர்க்கறவன் கசாப்புக்கடைக்காரனுக்குப் பொண்ணு குடுப்பானா?" என்றார், மூச்சு வந்ததும்.

"அவ என்ன உங்க விளக்கையா கட்டிக்கப்போறா? பேசாம சாப்பிடுங்க," என்றாள் மனைவி.

ஒரே பெண். அவள் முகம் வாடினால் அவருக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "அந்தப் பையன்கிட்ட சின்னவரைப் பத்தி மூச்சு விடக்கூடாது." மகள் சரியென்று தலையாட்டினாள். கொஞ்சம் அதிக வேகமாகவே ஆட்டினாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

பையன் வீட்டார் பேச வருவதாகச் சொன்ன நாளன்று, கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு பிஸ்கட் டப்பாவோடு வந்தவர் தெருமுனையில் நின்றுவிட்டார். சின்னவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். அப்போதும் இல்லை. அந்த இடத்தில் வானத்தைக் குத்திக்கொண்டு ஒரு புதுக் கம்பம் இரண்டு கைகளையும் விரித்து நின்றது. பக்கத்தில் கிரேன் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது.

"யாருய்யா உங்களைப் பிடுங்கச் சொன்னது?"

"எஞ்சினியர் சார்தாங்க," என்றான் கிரேன்காரன். "இந்தத் தெருவுல பொண்ணு எடுக்கறாராம். மாமனாருக்குத் தெருவிளக்குன்னா உசிராம். இருக்கறதுலயே பெரிசா ஒண்ணு நடுங்கன்னாரு. குடுத்து வெச்ச மாமனாரு!"

"பழசு எங்கே?"

"அது காலைலயே லாரியில போயிடுச்சுங்க. இந்நேரம் உருக்கியிருப்பாங்க."

செய்தி போனதும் டாக்டரம்மா ஒரு நோயாளியைத் திறந்த வாயோடு நாற்காலியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். தபால்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"கடைசியா ஒரு தடவை முகத்தைக்கூடப் பார்க்க விடலையே," என்றார் டாக்டரம்மா.

"எத்தனை மணிக்கு எடுத்தாங்களாம்?" என்றார் தபால்காரர்.

வழியே போன ஒருவர், யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார் போலிருக்கிறது என்று தானும் சற்று நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் நுழைந்த கண்ணாடிக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இந்தச் சம்பந்தம் வேண்டாம். போன் பண்ணிச் சொல்லிடு," என்றார் மகளிடம்.

அவள் ஏற்கெனவே ஜன்னல் வழியாகக் கம்பத்தைப் பார்த்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவர் மேல தப்பில்லப்பா. உங்களுக்கு என்ன பிடிக்கும்னு கேட்டாரு. தெருவிளக்குன்னேன். குட்டைன்னு சொல்லலை."

"நான்தானே சொல்லாதேன்னேன்..."

"அதுக்காக இல்லப்பா. நீங்க தடுக்கலைன்னாலும் சொல்லியிருக்க மாட்டேன். வெட்கமா இருந்துச்சு. தெருவிளக்குன்னா ஏதோ ஆராய்ச்சின்னு நினைப்பாங்க. குட்டைன்னா சிரிப்பாங்க."

சின்னவர் போனதுகூடப் பெரிதில்லை என்றாகிவிட்டது அவருக்கு. ஊர் சிரித்தால் துடைத்துப் போட்டுவிடலாம். பெற்ற பெண்ணே நம்மால் தலைகுனிகிறாள் என்பதை என்ன செய்வது? நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. இவளுக்கு வெட்கம் தராத அப்பாவாக ஒரு சாயங்காலமாவது உட்கார்ந்திருப்போம் என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பையன் வீட்டார் வந்தார்கள். பையனின் அப்பா எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். அம்மா பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அவர் உட்கார்ந்ததும் மற்ற எல்லோரும் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். மழை, வெயில், விலைவாசி எல்லாம் பேசித் தீர்ந்தபின், பையன் ஆசையோடு கண்ணாடிக்கடைக்காரர் பக்கம் திரும்பினான்.

"விளக்கு எப்படி இருக்கு மாமா? அவ்வளவு உயரம் வேற எங்கேயும் கிடையாது."

எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நல்லா இருக்கு தம்பி என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "நல்லா" வரைக்கும்தான் வந்தது.

"நல்லா இல்ல," என்றாள் மகள்.

அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அப்பாவுக்குப் பெரிய விளக்கு பிடிக்காது. குட்டை விளக்குதான் பிடிக்கும். ஞாயித்துக்கிழமையானா டேப்பை எடுத்துக்கிட்டுத் தெருத்தெருவா தேடுவாரு. ஒண்ணு கிடைச்சுட்டா அன்னிக்கு சந்தோஷத்துல தூங்க மாட்டாரு. நீங்க பிடுங்கினதுதான் இருக்கறதுலயே குட்டை. உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டேன். அப்படி வெட்கப்பட்டதுக்குத்தான் இப்ப வெட்கமா இருக்கு. சிரிக்கறவங்க சிரிச்சுக்கலாம்."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பையனின் அப்பாகூடச் சிரிக்கவில்லை. பையன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி பிஸ்கட் தட்டைப் பிடித்தபடி சிலையாகிவிட்டாள். சம்பந்தம் இத்தோடு சரி என்று கண்ணாடிக்கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். இருந்தாலும், சொன்னால் வெட்கக்கேடு, உள்ளுக்குள் அவர் மனசு குதித்துக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை கோப்பையைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு குட்டை?" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அளவு தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் முந்திவிட்டாள்.

"அப்பா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க," என்றாள்.

எழுந்து நின்றார். அவள் பக்கத்தில் வந்து, உள்ளங்கையைக் கிடையாக நீட்டி அவர் காதோரம் வைத்தாள். யோசித்தாள். ஒரு விரற்கடை கீழே இறக்கினாள். டேப் வைத்துப் பார்த்தாலும் அதேதான்.

"இவ்வளவுதான் அத்தை," என்றாள்.

அவருக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. அசைந்தால் அளவு தப்பிவிடும் என்று, தலையை நிமிர்த்தி, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார்.