பழைய லென்ஸ், புது லென்ஸ், அக்காவின் முகம்

அக்காவின் தாடையில் கட்டி, எலும்போடு எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் அத்தானுக்குப் பார்சலில் ஒரு லென்ஸ் வந்தது. அந்த வீட்டில் எது பெரிய செய்தியாயிற்று என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அத்தான் இன்சூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். மற்ற நேரத்தில் பெரிய போட்டோகிராபர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பெரிய ஃபிலிம் போடும் மீடியம் ஃபார்மட் கேமராவை வைத்துக்கொண்டு அவர் எடுப்பதெல்லாம் செங்கல் சுவர். எந்த லென்ஸில் படத்தின் மூலை வரை தெளிவாக விழுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பூரித்துப்போவார். ஏற்கெனவே இருந்த லென்ஸின் புது வெர்ஷன்தான் இப்போது வந்தது. உள்ளே ஒரே ஒரு கண்ணாடியைத்தான் மாற்றியிருந்தார்கள். அதற்கே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுங்க" என்று அக்கா கேட்டாள். "போன்ல இருக்கிறதெல்லாம் ஓடுற ஓட்டத்துல எடுத்தது. இந்த மூஞ்சியோட ஒரு தடவை ஒழுங்கா உட்கார்ந்து எடுத்துக்கணும்."

"நானும் ரெண்டு லென்ஸையும் டெஸ்ட் பண்ணணும்னுதான் இருந்தேன்" என்றார் அத்தான். அவள் கேட்டதென்ன, இவர் பேசுவதென்ன! எனக்கு வாயில் நன்றாக வந்தது. அக்கா முகத்துக்காக அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஹால் சுவர் முழுக்கச் செய்தித்தாளை ஒட்டினார். பொடி எழுத்தில்தான் லென்ஸின் வண்டவாளம் தெரியுமாம். அதற்கு ஓர் எட்டு முன்னால் ஸ்டூல் போட்டு அக்காவை உட்கார வைத்தார். அவள் நல்ல நீலப் புடவை கட்டியிருந்தாள். வலியோடுதான் சிரித்தாள்.

"லென்ஸை முழுசாத் திறந்து எடுக்கிறேன். அப்பத்தான் குறை தெரியும்."

"அத்தான், அக்காவைப் பார்த்து எடுங்க."

"எனக்குச் சொல்லித் தர்றியா நீ?"

பழையதில் பாதி, புதியதில் பாதி என்று ரோல் தீர்ந்தது. ஒவ்வொரு தடவையும் லென்ஸைக் கழற்றி மாட்டும் வரை அவள் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு காத்திருந்தாள். 'வலிக்குதா' என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

லேபிலிருந்து பிரிண்ட் வருவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. தாடையில் ஒரு பக்கமே இல்லாமல் அக்கா வீடு திரும்பினாள். அத்தான் அன்று மாலையே பிரிண்ட்களைக் கட்டிலில் பரப்பினார்.

"பார்த்தியா! பழசுல மூலை கொழகொழன்னு இருக்கு. புதுசுல பாரு, கடைசி வரி வரைக்கும் படிக்கலாம்!"

படிக்கலாம்தான். பாவி மனிதர் ஃபோகஸ் வைத்தது பேப்பரில். முழுசாகத் திறந்த லென்ஸில் ஃபோகஸ் வைத்த இடம் மட்டும்தான் தெளிவாக விழும் என்பது செங்கல்லையே எடுத்துக்கொண்டிருந்தவருக்கு எங்கே நினைவு வரப்போகிறது? எல்லாப் படத்திலும் பின்னால் தங்க விலை, பங்குச் சந்தை, காணவில்லை அறிவிப்பு எல்லாம் பளிச்சென்று இருந்தன. முன்னால் நீலமாக ஏதோ கலங்கலாக இருந்தது.

அக்கா பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பிறகு பாதி வாயால், சிரமப்பட்டுக் கேட்டாள்.

"நான் எங்க?"

அத்தான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நடுவுலதானே இருக்கே? நடுவுல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல."