புள்ளியியல் தாள்

கண்ணாடிக் கடையில் அவளுடைய வேலை, வருகிறவர்களின் மூக்கில் பிரேமைப் பொருத்தி, கண்மணி எங்கே நிற்கிறதோ அங்கே லென்சில் பேனாவால் புள்ளி வைப்பது. வருடக்கணக்காகச் செய்ததில் கை தானாகப் போகும். கல்லூரியில் கடைசி வருடம் பாக்கி இருந்தபோது மகள் வயிற்றில் வந்துவிட்டாள். பிறகு படிக்கலாம் என்றார்கள். மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்வரை அந்தப் பிறகு வரவில்லை.

வந்தபோதும் அவள் கேட்டு வரவில்லை. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மகள் போன பின் வெறிச்சோடிக் கிடந்த வீட்டில், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "உன்ன தபால் வழிப் படிப்புல சேர்த்துட்டேன். மிச்சத்த முடிச்சுடு."

"இப்ப எதுக்குங்க? பட்டம் வாங்கினா லென்சுல புள்ளி இன்னும் நேரா விழுமா?"

"எனக்காகப் படி. நான்தானே உன்ன பாதியில நிறுத்தினேன். மனசுல முள்ளாக் கெடக்கு."

பொருளியல் பாடங்களை அவளே படித்துக்கொண்டாள். புள்ளியியல் மட்டும் தலையில் ஏறவில்லை. கடையிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அவரே அதைச் சொல்லிக்கொடுப்பார். பொறுமை கிடையாது. "ஏழாங் கிளாஸ் பிள்ளைக்கே இது புரியும்" என்பார். "அப்ப அதுங்களுக்கே சொல்லிக்குடுங்க" என்று அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போவாள். மறுநாள் இருவரும் ஒன்றுமே நடக்காதது போல மேசைக்கு வருவார்கள்.

அப்படி ஒரு மாலையில், "திட்ட விலக்கம்னா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். எளிதாகச் சொல்ல வழி தேடுகிறார் என்று அவள் காத்திருந்தாள். பேனா கையிலிருந்து நழுவியது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீடு திரும்பியபோது வலது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. சாப்பிடுறீங்களா என்றால், "வேணாம்" என்று சொல்லிவிட்டு வாயைத் திறப்பார். தூங்குறீங்களா என்றால், "வேணாம்" என்று கண்ணை மூடுவார்.

"இது அவர் நெனச்சுச் சொல்றதில்லம்மா" என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். "வாய்ல வர்றது அது ஒண்ணுதான். அதுக்கு அர்த்தம் தேடாதீங்க."

ஆனாலும் அவள் தேடினாள். ஒரு நாளில் எத்தனை தடவை அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியும்?

பரீட்சை நெருங்கியது. அவள் கடையில் இருக்கும் நேரம் அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பத்து மணிக்குத்தான் வருவாள்; பரீட்சைக்கோ விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். கடை முதலாளி விடுப்புத் தர மறுக்கவில்லை. "தாராளமா போயிட்டு வாங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வயசுல இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?" மகள் போனில் இன்னும் நேராகவே கேட்டாள். "அப்பா இப்படிக் கெடக்கும்போது பரீட்சையாம்மா? அவருக்காகத்தானே படிச்ச. அவருக்கே இப்ப அது ஞாபகம் இருக்குதோ என்னவோ. விட்டுடு."

அன்று அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, நான் பரீட்சை எழுதப் போகட்டுமா?"

"வேணாம்."

"அப்ப போகாம இருந்துடட்டுமா?"

"வேணாம்."

அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியில் அவரது தங்கைதான் பையோடு வந்து இறங்கினாள். "போயிட்டு வாங்க அண்ணி. நான் பாத்துக்கறேன். எங்க வீட்டுல ரெண்டு பட்டதாரின்னு அண்ணன் அப்பவே எல்லார்கிட்டயும் பீத்தி வச்சிருக்கு. போகலன்னா அதோட மானம் போயிடும்."

முதல் நாள் அவள் பரீட்சைக் கூடத்துக்குள் நுழைந்ததும் இளவட்டங்கள் சட்டென்று எழுந்து நின்றார்கள். கண்காணிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். அவளும் தங்களோடு உட்கார்ந்து எழுதப் போகிறவள் என்று தெரிந்ததும் சிரிப்பு பரவியது. அவளும் சிரித்தாள். பிறகு தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

புள்ளியியல்தான் கடைசித் தாள். வினாத்தாளைப் புரட்டியபோது திட்ட விலக்கம் இருந்தது. அதைக் கடந்து அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். போக முடியவில்லை. அவர் நிறுத்திய இடத்திலேயே அவளும் நின்றுவிட்டாள். முக்கால்வாசித் தாளை வெள்ளையாகவே கொடுத்துவிட்டு வந்தாள்.

முடிவு வந்தது. மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள், அது ஒன்றைத் தவிர.

"போதும்மா. இவ்வளவு பண்ணதே பெரிசு" என்றாள் மகள்.

அவரது தங்கையும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அண்ணனைப் பார்க்க வந்த இடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் இவள் போய், "மறுபடி எழுதலாம்னு இருக்கேன், நீ வர முடியுமா?" என்று கேட்டதும் ஏறிட்டுப் பார்த்தாள்.

"அண்ணனுக்காகவா? அது ஒண்ணும் கோவிச்சுக்காது அண்ணி."

"உங்க அண்ணனுக்காக இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த மத்த பரீட்சைங்க எழுதினப்ப, மூணு மணி நேரமும் அவர் நெனப்பே வரல எனக்கு. பஸ் ஸ்டாப்புல வந்து நின்னப்பதான், வீட்டுல இப்படி ஒரு மனுஷன் கெடக்காரேன்னு தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா அந்த மூணு மணி நேரம் நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு."

அடுத்த அறையில் அவர் இருமினார். தங்கை கையிலிருந்த போர்வையை மெதுவாக மடித்து முடித்தாள்.

"இத வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள். போர்வையை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, "தேதி எப்பன்னு சொல்லுங்க, வரேன்" என்றாள்.

இந்த முறை அவரிடம் கேட்கவில்லை. கடையில் மதிய இடைவேளையில், லென்ஸ் தேய்க்கும் மெஷின் இருக்கும் பின்னறையில் உட்கார்ந்து தனியாகவே கணக்குப் போட்டுப் பழகினாள். புரியாததை மனப்பாடம் செய்தாள். தட்டுத்தடுமாறி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேறினாள்.

மகள் போனில் அழுதாள். முதலாளி கைகொடுத்துவிட்டு, மாலையில் கூட்டம் வரும், கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்க முடியுமா என்று கேட்டார். இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அவரிடம் செய்தியைச் சொன்னாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்; அந்த ஒரு சொல்லும்கூட வரவில்லை. சில வாரங்களாகவே அது குறைந்துகொண்டுதான் வந்தது.

சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்தாள். இனி எழுத ஒரு தாளும் இல்லை. காலையில் பரீட்சைக் கூடத்துக்குள் போய் மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்க, வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. வாங்கிய பட்டத்துக்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். வந்ததென்னவோ அலுப்புதான்.

உள்ளே அவர் முனகினார். முதுகில் புண் வராமலிருக்க அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய நேரம். அவள் எழுந்து போனாள்.