நங்கூரத்தை வலம் வந்தவள்

புளியங்குடிக்கு பஸ் ஏறினாலே மடியில் பாலிதீன் பை வைத்துக்கொள்கிறவள் பொன்செல்வி. சங்கரன்கோவிலில் நைட்டிக் கடை வைத்திருக்கும் அவள் கப்பலேறப் போகிறாள் என்றதும் தெருவே சிரித்தது. புருஷன் முத்துக்கிருஷ்ணன் ஒரு படி மேலே போய், "மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துருவா" என்று டீக்கடையில் அறிவித்துவிட்டான். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. போயே தீருவது என்று கிளம்பிவிட்டாள்.

தூத்துக்குடிக் கடலில் நின்றது அந்த ஸ்கூனர் பாய்க்கப்பல். இரண்டு பாய்மரம், உடம்பெல்லாம் மரம். உல்லாசப் பயணமும் உண்டு, பாடமும் உண்டு. ஏறுகிறவர்களே கயிறு பிடித்து வேலை செய்ய வேண்டும். பொன்செல்வியையும் அவளோடு வந்த சங்கரன்கோவில் வியாபாரப் பெண்களையும் வரவேற்ற கேப்டன் ஜெஸ்லின் ஒரே ஒரு விதி சொன்னாள்.

"நங்கூரம் தூக்குததுக்கு முன்னாடி யாராவது வாந்தி எடுத்தா, படகுல ஏத்திக் கரைக்கு அனுப்பிருவேன். பொறவு எடுத்தா உங்க பாடு, கடல் பாடு."

நின்ற கப்பலே ஆடியது. பொன்செல்வி காலையில் தின்ற இட்லி தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்தது.

நல்லவேளை, உடனே நங்கூரம் தூக்கக் கூப்பிட்டார்கள். தளத்தின் நடுவில் கயிறு சுற்றிய பெரிய மர உருளை. அதிலிருந்து நாலாபக்கமும் நீட்டிய கட்டைகள். கட்டையைத் தள்ளிக்கொண்டு சுற்றி நடந்தால் நங்கூரம் மேலே வரும். சுற்றுவதா! ஆடித்தபசுக்கு வருஷம் தவறாமல் கோயிலைச் சுற்றுகிற கால்கள் அவை. யாரும் சொல்லாமலே எல்லாரும் வலமாகத் தள்ளினார்கள். உருளை அசையவில்லை. மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். ம்ஹூம்.

"அக்கா, அந்தப் பக்கம் இல்ல! எடமாச் சுத்துங்க!" என்று ஜெஸ்லின் கத்தினாள்.

பொன்செல்வி கட்டையை விட்டுவிட்டாள். "எடமாவா? கோமதியம்மன வலஞ்சுத்துத காலு மேடம். திரும்பாது."

"இது சாமி இல்லக்கா, நங்கூரம்!"

"நடுவுல ஒண்ணு நிக்கி, நாங்க சுத்தி வாரோம். பொறவு என்ன?"

பக்கத்தில் நின்ற ஃபேன்ஸி ஸ்டோர் ஷம்சாத் பேகமும் கையை எடுத்தாள். "எனக்கு எந்தப் பக்கமும் ஒண்ணுதான். ஆனா இவ நிக்கா, நானும் நிக்கேன்."

தள்ளுவது நின்றதும் இட்லி மறுபடி கிளம்பியது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் படகு, கரை, டீக்கடைச் சிரிப்பு. பொன்செல்விக்கு அழுகையே வந்தது. ஆனாலும் கால் திரும்பவில்லை.

ஜெஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உருளையை ஒரு பக்கம் மட்டுமே சுற்றவிடும் பூட்டைத் திருப்பிப் போட்டு, கயிற்றை அவிழ்த்து எதிர்ப்புறமாகச் சுற்றிவிட்டாள்.

"இப்ப வலமாவே வாங்க, தாயே!"

வந்தார்கள். வந்த வேகத்தில் குலவை வேறு விட்டார்கள். சேறு சொட்டச் சொட்ட நங்கூரம் மேலே வந்துவிட்டது. அப்படியும் யாரும் நிற்பதாக இல்லை. ஜெஸ்லின் ஒரு கட்டையைக் கட்டிப்பிடித்துத்தான் நிறுத்த முடிந்தது. பாய்கள் விரிந்தன. கப்பல் ஒருக்களித்துக்கொண்டு ஓடியது. பொன்செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இட்லிக்கும் தாங்கவில்லை. கப்பலோரக் கைப்பிடிக்கு ஓடினாள்.

ஃபோன் அடித்தது. முத்துக்கிருஷ்ணன்தான்.

"ஏட்டி, வாந்தி எடுத்துட்டியா?"

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்தேன்!"

"அப்ப சோத்துக்கு வாரியா?"

"நங்கூரம் தூக்குன பொறவுதான் எடுத்தேன். சோத்த நீங்களே பொங்கித் தின்னுங்க!"