தேன்காரரைச் சாகடிக்கச் சொன்ன அபிப்பிராயம்

1

இந்தக் கதை பேக்கரி வாசலில், ஒரு பாண் வரிசையில் பிறந்தது. நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்கள் எல்லாம் பனி கொட்டும் புகையிரத நிலையத்தில்தான் தொடங்குகின்றன. எங்கள் ஊரான லுணுகலையில் ரயில் இல்லை. பாண் தட்டுப்பாடு இருக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘பனி பெய்துகொண்டிருந்தது. சாரட்டு வண்டியிலிருந்து இறங்கிய ஜெனீரா, தன் கம்பளிக் கையுறையை…’

(நிறுத்திவிட்டேன். என் வகுப்புத் தோழி ஜெனீராவிடம் சாரட்டு இல்லை. அவள் வாப்பாவிடம் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடையும், மழை வந்தால் விரிய மறுக்கும் குடையொன்றும் இருக்கின்றன.)

2

எங்கள் வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை உண்டு. எதை எழுதினாலும் அதன் பின்பக்கத்தில் இரண்டு பேர் அபிப்பிராயம் எழுதி, ‘சம்மதம்’ என்று முடித்தால்தான் அது ஏறும். ஜெனீரா எழுதியவற்றில் இதுவரை ஏறியவை சமையல் குறிப்புகள்தான்: வட்டிலாப்பம், தொதல், மறுபடியும் வட்டிலாப்பம். கட்டுரை கொடுத்தால் ‘இடமில்லை’ என்றுதான் பையன்கள் எழுதுவார்கள்.

இம்முறை இலங்கையின் ஆதிக்குடிகளான வேடரின் மொழியைக் காப்பது பற்றி எழுதினாள். பிபிலைக் காட்டுப்பக்கமிருந்து கடைக்குத் தேன் கொண்டுவரும் வேடர் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுச் சொற்களைச் சேர்த்திருந்தாள். அவருடைய பேரப்பிள்ளைகள் அந்த மொழியைப் பேசுவதில்லையாம். தபால் அதிபர் மகன் தர்மராசா சம்மதம் எழுதிவிட்டான். மிச்சம் நான்.

3

நான் எழுதிய அபிப்பிராயம்: ‘கட்டுரை நன்று. ஆனால் இறுதியில் தேன்காரர் இறக்க வேண்டும். மொழியின் கடைசிச் சொல் அவர் உதட்டில் உறைய வேண்டும். பனி இருந்தால் நல்லது.’

மறுநாள் பாண் வரிசையில் ஜெனீரா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜெயலெட்சுமி, ஒனக்கு என்ன பைத்தியமா? அந்த மனுசன் நேத்தும் கடைக்கு வந்த. வாப்பாவோட சண்ட புடிச்சி வெலயக் கூட்டிட்டுப் போன. அவர எப்பிடி நான் மவுத்தாக்குற?”

“கட்டுரையில மட்டுந்தான்டி. நெசத்துல இருந்துட்டுப் போகட்டும்.”

“வாப்பா வாசிச்சா கடையப் பூட்டிட்டு மையத்து ஊட்டுக்குக் கெளம்பிடுவாரு!”

“யாருமே சாகலேன்னா யாருடி அழுவாங்க?”

“யாரும் அழத் தேவல்ல. அவரோட ரெண்டு பேரு பேசினாப் போதும். செத்தவரோட யாரு பேசுற?”

முன்னால் நின்ற தர்மராசா திரும்பினான். “ஒரு ஆளைக் கொல்லாட்டி உனக்குச் சம்மதம் வராதோ? விசரே உனக்கு? நகருங்கோ, பாண் முடியப்போகுது.”

இந்த இடத்தில் என் மனம் உருகி, கண்களில்…

இல்லை. இந்த இடத்தில் பாண் முடிந்தது.

4

வீட்டுக்கு வந்தும் பிடிவாதம் போகவில்லை. அவள் கொல்லாவிட்டால் என்ன, நானே ஒரு கதை எழுதிக் கொல்லலாம். (நீங்கள் வாசிப்பது அந்தக் கதைதான்.) தேன்காரரை ஒரு மரத்தடியில் படுக்கவைத்தேன். காற்றை நிறுத்தினேன். கடைசிச் சொல்லுக்காக ஜெனீராவின் கட்டுரையைப் புரட்டினேன். தேனீ, கோடரி, மழை, குரங்கு. ஒரு மனிதர் ‘குரங்கு’ என்று சொல்லிவிட்டுச் செத்தால் யார் அழுவார்கள்? ‘போய்வருகிறேன்’ என்பதற்கு அவர் மொழியில் என்ன சொல்வார்கள்? ஜெனீரா கேட்டிருக்கவில்லை. இனி அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்பதென்றால் அவர் உயிரோடிருக்க வேண்டும்.

மரத்தடியிலிருந்து அவரை எழுப்பி அனுப்பினேன். தேன் குடத்தையும் மறக்காமல் கொடுத்தேன். பிறகு என் அபிப்பிராயத்தை அடித்துவிட்டு, ‘சம்மதம்’ என்று எழுதினேன்.

கட்டுரை முதற் பக்கத்தில் ஏறிவிட்டது. வட்டிலாப்பக் குறிப்பை இம்முறை தர்மராசா எழுத வேண்டியதாயிற்று.

5

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். இந்தக் கதையையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். ஜெனீரா எழுதியிருப்பது:

‘கதை நன்று. ஆனால் இறுதியில் ஜெயலெட்சுமி இறக்க வேண்டும். அப்போதுதான் கண்ணீர் வரும். பனி தேவையில்லை, லுணுகலை மழை போதும். அப்படியானால் சம்மதம்.’

முயன்று பார்த்தேன்: ‘ஜெயலெட்சுமி பாண் வரிசையில் சரிந்தாள். அவள் உதடுகள் கடைசியாக முணுமுணுத்தது: ஒரு றாத்தல் பா…’

முடியவில்லை. தர்மராசாவிடம் கொண்டுபோனேன். “நான் கதைக்குள்ள நிக்கிறன். அபிப்பிராயம் சொல்ல ஏலாது” என்று கையை விரித்துவிட்டான்.

ஆகவே இரண்டாவது ஆள் நீங்கள்தான். பேனையை எடுங்கள். நான் சாக வேண்டுமா என்பதைக் கீழே எழுதுங்கள். அவசரப்பட வேண்டாம். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன்: நாளைக் காலையும் பாண் வரிசையில் நிற்க வேண்டியவள் நான்தான், நான் செத்துப்போனாலும் அம்மா என்னைத்தான் அனுப்புவாள்.

அபிப்பிராயம்: ……………………