ஃப்ரிட்ஜில் ஒரு மாப்பிள்ளை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பல் டாக்டரின் நாற்காலியில். வாயைப் பிளந்துகொண்டு கிடப்பவனிடம் யாரும் எதையும் சொல்லலாம். அவர் தன் செடியைப் பற்றிச் சொன்னார். எதிர்க்கேள்வி கேட்க வழியில்லாததால் மீதியை நானே இட்டுக்கட்டினேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: பூக்களே தோன்றாத காலத்தில், டைனோசர்கள் மேய்ந்த…

(வேண்டாம். மண் சுமந்து பிழைத்த வீட்டில் பிறந்தவனுக்கு இந்தக் குரல் ஒட்டாது. எங்களுக்குச் செடி என்றால் ஒன்று தின்பது, இல்லை பிடுங்கி எறிவது.)

செடியின் பெயர் சைக்கட். பார்க்கக் குட்டைப் பனை மாதிரி இருக்கும், பனை அல்ல. ஆண் தனிச்செடி, பெண் தனிச்செடி. டாக்டரிடம் இருப்பது பெண். காட்டில் இந்த வகை ஒன்றுகூட மிச்சமில்லை. (தோண்டித் தீர்த்தது, இவரைப் போன்ற ஆர்வலர்களுக்காகத்தான்.) மிஞ்சிய ஒரே ஆண், அவருடைய சகலை வீட்டில். சகலை கட்டட ஒப்பந்தக்காரர்.

2

இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சகலை தன் செடிக்குக் கேமரா வைத்தார்; டாக்டர் இரும்புக் கூண்டே போட்டார். பெற்ற மகளின் காய்ச்சலுக்குப் போனிலேயே மாத்திரை சொன்னவர், ஓர் இலை மஞ்சளானதும் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார்.

(சகலையை வில்லனாக்கிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அச்சு. விட்டுவிட்டேன்.)

இந்த வருடம் பெண் செடி, பூவுக்குப் பதில் இந்த இனம் விடும் கூம்பை விட்டது. அதன் செதில்கள் சில நாள்தான் விரிந்திருக்கும். அதற்குள் ஆணின் மகரந்தத்தை உள்ளே ஊதிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்துவந்த வண்டு காட்டோடு போயிற்று. மகரந்தம் மட்டும் கிடைத்தால் ஓர் இனத்தையே காப்பாற்றிவிடுவேன் என்று டாக்டர் பார்ப்பவரிடமெல்லாம் புலம்பினார். கிடைக்காது என்ற தைரியம்.

இருவரின் மனைவியரான அக்காவும் தங்கையும் மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள்.

"உங்க செடிக்கு மாப்பிள்ளை வந்தாச்சு," என்றாள் டாக்டரின் மனைவி. "ஃப்ரிட்ஜ்ல, முட்டைக்குப் பக்கத்துல."

"அவன் குடுத்தானா?"

"அவருக்குத் தெரியாது. தங்கச்சி டப்பாவுல தட்டி எடுத்துட்டு வந்தா."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். விதை வந்தால் நூறு செடி. நூறு வீட்டில் இருப்பதைப் பார்க்க எவன் கார் எடுத்துக்கொண்டு வருவான்? மகரந்தம் பழசாக இருக்கும் என்றார். வெயில் இறங்கட்டும் என்றார்.

மனைவி அவரையே பார்த்தாள். "செடி அழிஞ்சிரும்னு பயப்படுறீங்கன்னு இத்தனை நாளா நெனச்சேன். பெருகிடும்னுதான் பயமா?"

3

ஒரு முடிவு: டாக்டர் ஊதுகிறார், விதை முளைக்கிறது, சகலைகள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (எழுதும்போதே கூசியது.)

இன்னொன்று: ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்று சொல்லி மகரந்தம் முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டு, செடி வளர்ப்போர் சங்கத்தில் இனம் அழிவதைப் பற்றித் தழுதழுக்கப் பேசுகிறார். (இது நடக்கும். அதனால்தான் எழுதக் கை வரவில்லை.)

இப்போது அவர் கூண்டுக்குள் நிற்கிறார். கையில் மகரந்தம் நிரப்பிய ரப்பர் ஊதி. செதில்கள் மூடத் தொடங்கிவிட்டன. மனைவி கூண்டுக் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. உங்களிடம் மட்டுமே இருக்கிற ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்; அது எதுவானாலும் சரி. நீங்கள் ஊதினால், நாளைக்கு அது தெருவில் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

இந்தாருங்கள், ஊதியைப் பிடியுங்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.