வளைவில் படிக்க வேண்டிய வரி

ஷாரோனுக்குக் கொடுத்திருந்த தாளில் கடைசி வரி இதுதான்: "இந்த மோனோ ரயில் பாதை ஒரு சிறு விபத்துகூட இல்லாமல் கட்டி முடிக்கப்பட்டது." குளத்தை ஒட்டிய வளைவில் ரயில் திரும்பும்போது மைக்கில் அதைச் சொல்ல வேண்டும். அதே வளைவில்தான் ஆடி மாதத் தூறலில் வெல்டிங் செய்துகொண்டிருந்த அவளுடைய அப்பா ஜெபகுமார் மேலேயிருந்து விழுந்து செத்துப்போனார்.

தண்டலம் தாண்டி பெங்களூர் ரோட்டை ஒட்டிப் புதிதாக எழும்பியிருந்த பூங்கா அது. தொண்ணூற்றொன்று தீபாவளிக்குத் திறப்பு. ராட்டினம் எல்லா ஊர்ப் பொருட்காட்சியிலும் இருக்கிறது, மோனோ ரயில் நம்மிடம் மட்டும்தான் என்று முதலாளி மார்தட்டிக்கொண்டிருந்தார். ஜெபகுமாரின் சாவைப் பேப்பரில் வராமல் அமுக்கிவிட்டு, அவர் மகளுக்கு ரயிலில் பேசும் வேலையைப் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். ஷாரோன் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வேதம் வாசிப்பவள். கணீரென்ற குரல். அப்பா போன பிறகு வீட்டில் அடுப்பு எரிய வேறு வழியும் இல்லை.

தாளை வாங்கிப் படித்ததுமே அவள் மேனேஜர் ராஜசேகரிடம் போய் நின்றாள்.

"சார், அந்தக் கடைசி வரிய மட்டும் வுட்டுடலாமா?"

ராஜசேகர் கெட்டவர் இல்லை. எந்தெந்த நாட்டில் எப்போது இந்த ரயில் வந்தது என்று நூலகம் நூலகமாக அலைந்து மற்ற வரிகளை எழுதியவர் அவர். "அது நான் எழுதுனது இல்லம்மா. முதலாளி சேர்த்தது. வர்றவங்க பயப்படாம ஏறணும் இல்ல? ஒரு வரிதான். பழகிடும்" என்றார். அடுத்தவர் துக்கம் என்றால் இந்தப் 'பழகிடும்' எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிடுகிறது பாருங்கள்.

திறப்புக்கு முந்தைய நாள், வேலை செய்தவர்களின் குடும்பங்களை ஏற்றி ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது என்று முடிவாயிற்று. அந்த வரியைப் பற்றி ஷாரோன் தன் அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

"நீ வராதம்மா. கூட்டமா இருக்கும்."

"உங்கப்பா பத்த வச்ச இரும்புடி அது. நான் ஏறாம வேற யாரு ஏறுவா?" என்றாள் ரெபேக்காள். ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, மகளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில், கட்டட வேலை நடந்தபோதிலிருந்தே பூங்காவில் பெருக்கும் கோவிந்தம்மா.

ரயில் கிளம்பியது. ஷாரோன் வாசித்தாள். ஜெர்மனியில் ஓர் ஊரில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஒற்றைத் தண்டவாளத்தில் ரயில் தொங்கிக்கொண்டு ஓடுகிறது என்றாள். பின்னாலிருந்து "ஆமென்" என்று அம்மாவின் குரல் வந்தது. மகள் வாசித்தால் அவளுக்கு அது தன்னால் வந்துவிடும். வண்டியே சிரித்தது. நம் நாட்டில் பாட்டியாலாவில் ஒரு சக்கரம் தண்டவாளத்திலும் ஒன்று மண்ரோட்டிலுமாக ஒரு ரயில் ஓடியதையும், அதைக் கோவேறு கழுதைகள் இழுத்ததையும் சொன்னாள். அதற்கும் ஓர் ஆமென். ஐம்பத்தொன்பதில் அமெரிக்காவில் டிஸ்னிலேண்டில் ஓடத் தொடங்கியதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள் என்றும், பிறகு மற்றப் பூங்காக்களுக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது என்றும் சொன்னாள். ஆமென்.

வளைவு வந்தது. ஷாரோன் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசி வரியை வாசித்து முடித்தாள்.

ஆமென் வரவில்லை.

ஷாரோன் திரும்பிப் பார்த்தாள். அம்மா குளத்தைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபம்கூட இல்லை. இவள் யார் வீட்டுப் பெண் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. வண்டியில் இருந்த எல்லோரும் அந்த வேலையில் கிடந்தவர்களின் வீட்டார். எல்லோருக்கும் தெரியும். கோவிந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஷாரோனுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது.

மைக் இன்னும் வாயருகேதான் இருந்தது.

"நான் இப்போ படிச்சது பொய்" என்றாள். "இந்த வளைவுல ஜெபகுமார்னு ஒரு வெல்டர் ஆடி மாசம் மேலேருந்து உயுந்து செத்துட்டாரு. தூறல் போடுது, எறங்கிடறேன்னு கேட்டாரு. வேலைய முடிச்சிட்டு எறங்குன்னு சொல்லிட்டாங்க. அவரு எங்கப்பா."

பூங்கா முழுக்கக் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகளில் அது கேட்டது. ரயில் வந்து நின்றபோது ராஜசேகர் கையை நீட்டியபடி காத்திருந்தார். ஷாரோன் மைக்கைக் கொடுத்தாள். "நாளையிலேர்ந்து வர வேணாம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

வெளியே கேட்டுக்குப் பக்கத்திலேயே பஸ் நிறுத்தம். ரயிலில் வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ரெபேக்காள் மகள் பக்கம் திரும்பினாள்.

"அவரு குடிச்சிட்டு ஏறுனாருன்னு சொல்லிவச்சிட்டானுங்க. பிள்ளைப்பாக்கம் வரைக்கும் அதத்தான் பேசிக்கினு கீறாங்க. குடிக்கலன்னும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி."

வேலையையே கொடுத்து வாங்கிய பேச்சு. அதில் அம்மாவுக்கு வேண்டிய வார்த்தை விட்டுப்போயிருந்தது. இனி மைக் கிடைக்கப் போவதில்லை.

"நான் சொல்றேங்க்கா" என்றாள் கோவிந்தம்மா. "அன்னிக்கு ஏர்றதுக்கு முன்னால அவருக்கு டீ வாங்கியாந்து குடுத்ததே நான்தான். பக்கத்துல நின்னு பேசிட்டுத்தான் ஏறுனாரு. குடிக்கவேயில்ல. யாரு கேட்டாலும் சொல்றேன்."

கேட்டில் இருந்த வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. மறுநாள் காலையில் அவள் அதே பூங்காவுக்குப் பெருக்கப் போக வேண்டும்.