சுத்தியலை முந்திய கால்

திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் டக் படகை ஓட்டுகிற சுகந்தனின் வலது கால் ஒரு நிமிடமாவது சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. பூசையில் ஆடும், பந்தியில் ஆடும். இன்று வருடாந்த உடற்பரிசோதனைக்கு வந்து காத்திருந்த அரை மணித்தியாலமும் அது ஆடிய ஆட்டத்தில், அதே நீள வாங்கில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் கடலில் போவது போலக் குலுங்கினார்கள்.

அவனுக்கு இரண்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. அதால் நரம்பு பழுதாகி முழங்கால் தெறிவினை போயிருந்தால், டக்கிலிருந்து இறக்கிக் கயிறு அடுக்கும் ஸ்டோரில் இருத்திவிடுவார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிப் போட்ட கதிரை அது.

பதினோராம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கும் மனைவி நிரோஷினி மூன்று நாளாக விளக்கியிருந்தாள். முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினால் செய்தி முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணுக்குப் போய் அங்கிருந்தே திரும்பிவிடும்; கால் தானாக உதைக்கும், அதுதான் தெறிவினை.

"உங்கட மூளையைக் கேக்காமல் நடக்கிற வேலை அது. அதிலயும் போய்த் தலையிடாதேங்கோ."

மூளையில் தாங்கு கலங்கள் என்று வேறு இருக்கின்றனவாம். நரம்புக்கலங்களுக்குச் சாப்பாடு கொடுத்து, குப்பை அள்ளி, விழாமல் பிடித்துக்கொண்டிருக்குமாம். சம்பளமில்லாத ஆக்கள் போல என்றான் சுகந்தன். ஓம், என்னைப் போல என்றாள் அவள்.

டொக்டர் பஸ்மியா சுத்தியலால் தட்டினார். ஆயுள் முழுக்க ஆடிய கால் மரக்கட்டையாகத் தொங்கியது. இரண்டாம் தட்டுக்குச் சுகந்தன் தயாரானான். சுத்தியல் உயர்ந்ததுமே பந்தடிப்பது போல ஓர் உதை.

"நான் இன்னும் தட்டேல்லயே," என்றார் டொக்டர்.

சுகந்தன் கூரையைப் பார்த்தான். பயத்தில் காலை இறுக்கினால் தெறிவினை வராது, இரண்டு கை விரல்களையும் கோத்து இழுத்துக்கொண்டு காலை மறந்துவிடுங்கள் என்றார் அவர். விரல்கள் வியர்வையில் வழுக்கின. கூட வந்து திரைச்சீலைக்கு வெளியே நின்ற நிரோஷினி கூப்பிடாமலே உள்ளே வந்து கையை நீட்டினாள்.

"என்ர கையை இழுங்கோ. என்னைப் பாருங்கோ."

பார்த்தான். மூன்று நாளாகப் பகிடி விட்டவளின் கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கும் பயமிருக்கும் என்று அவன் யோசித்ததே இல்லை. யோசிக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் சுத்தியல் பட, கால் தன்பாட்டில் எழும்பி, டொக்டரின் பக்கத்திலிருந்த உபகரணத் தட்டைக் கவிழ்த்துவிட்டது.

டொக்டர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார்.

"கையை விடுங்கோ, நோகுது," என்றாள் நிரோஷினி.

"மற்றக் கால் இன்னும் கிடக்கெல்லோ," என்றான் சுகந்தன்.